ஞானத்தாய்

அரசி ஓனேக்காவைப் புரட்டிப் படுக்க வைக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. பணிப்பெண் ஓரியா தோளைப் பிடித்தாள், சமையற்கட்டிலிருந்து கூப்பிட்டு வந்தவள் இடுப்பைப் பிடித்தாள், மகள் தோடா கால்களைத் தூக்கினாள். நீர் கோத்த கால்கள். விரல் பட்ட இடம் குழியாகி, அந்தக் குழி மறுபடி மேலெழும்ப மாதாவின் அருள் நிறை மந்திரத்தை இரண்டு முறை சொல்லி முடிக்கும் நேரம் ஆயிற்று. தோடா அதை எண்ணிப் பார்த்திருந்தாள். நேற்று ஒரு மந்திரம், இன்று இரண்டு.

"இந்த நாட்டுலயே கனமான ஆளு இப்ப நான்தான்" என்றாள் அரசி, மூச்சு வாங்கிக்கொண்டே. "உங்கப்பா கோட்டை மணியைக்கூட ரெண்டு பேர் போதும், தூக்கிடலாம்."

ஓரியா சிரித்தாள். தோடாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தெற்குக் காற்று மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தது. பிரனே மலையில் இலை உதிரும் மாதத்தில் அந்தக் காற்று வந்தால் பனி விழுமுன் நாலு நாள் வெயில் காயும், பாலாடைக்கட்டி வியர்க்கும், நாய் எசமானையே கடிக்கும். அந்தக் காற்றில் பெண் கேட்டுப் போகாதே, ஆட்டுக்கு விலை பேசாதே என்பார்கள். தோடா காலையிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. தண்ணீர்க் குவளையை எடுப்பாள், குடிக்காமல் வைப்பாள். ஜன்னலைச் சாத்துவாள், அம்மாவுக்கு மூச்சு முட்டும் என்று திறப்பாள். திறந்ததும் கண் தானாக மலைப்பாதைக்குப் போகும்.

அந்தப் பாதையில்தான் அவள் அப்பா வந்துகொண்டிருந்தார். அரசர் கலிந்தோ, அவருடைய தங்கை சாஞ்சா, தோடாவின் அண்ணன் ஃபோர்த்தூன், மலைச் சாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாரின் காரியஸ்தர் ஹிமேனோ சாமியார், பின்னால் ஒரு காலி மாட்டு வண்டி. பாலத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று காலையிலேயே ஒரு இடையன் வந்து சொன்னான். வண்டியில் புது வைக்கோல் பரப்பியிருக்கிறதாம். உயிர் இருக்கும்போதே வண்டி கட்டுகிறார்களே, இவர்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன்பே ஞானஸ்நானம் கொடுப்பார்களா என்று ஓரியா பொரிந்து தள்ளினாள்.

அரசியை எங்கே புதைப்பது என்பதுதான் வழக்கு. அதன் வேர் பதின்மூன்று வருஷத்துக்கு முந்தியது.

தோடாவுக்கு அப்போது ஆறு வயது. உறுதிபூசுதல், ஞானஸ்நானத்தை எண்ணெய் பூசி உறுதிப்படுத்தும் சடங்கு. மேற்றிராணியார் நெற்றியில் எண்ணெய் பூசும்போது பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஞானத்தாய் வேண்டும். சாஞ்சா அத்தை நிற்பதாக ஏற்பாடு. அத்தை கையை நீட்டியதும் பிள்ளை வீரிட்டது. அம்மாவின் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோயிலே அதிரக் கத்தியது. மேற்றிராணியார் கிழவர், கண் மங்கல், காது அதைவிட மங்கல். எண்ணெய் தொட்ட கட்டைவிரலை நீட்டியபடி, யார் தாங்குவது என்று கேட்டார். அரசி மகளைத் தூக்கிப் பிடித்து, நான் என்றாள். அவர் பூசிவிட்டார்.

பூசி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவள் அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு உடன்பிறந்தாள் முறை. அந்த முறையில் கல்யாணம் கிடையாது. ஏற்கெனவே ஆனவர்களும் சேர்ந்து வாழக் கூடாது. அதனால்தான் எந்தத் தாயும் தன் பிள்ளையைத் தானே தாங்குவதில்லை. ஆடு மேய்க்கிறவளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். பிள்ளை அழுத அழுகையில் அரசி அதை மறந்து, ஒரு சொல்லில் புருஷனுக்குத் தங்கையாகிவிட்டாள். மேற்றிராணியார் நாற்பது நாள் ஏடுகளைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னார்: பட்டம் அப்படியே இருக்கும், பிள்ளைகளின் உரிமையும் அப்படியே, ஆனால் கூரை வேறு, படுக்கை வேறு. மகன் அப்பாவோடு கோட்டையில் இருந்தான். மகள் அம்மாவோடு இந்த ஊற்றடி வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து தோடாவுக்கு மலை முழுக்க ஒரு பெயர் இருந்தது: பிரித்தவள். சந்தையில் அவள் குதிரை போனால் புதுசாகக் கல்யாணமானவர்கள் கையைக் கோத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்து திரும்பிப் போனார்கள். இரண்டாவது இடத்துப் பையனின் தாய் நேராகவே கேட்டுவிட்டாள், பெற்றவர்களையே பிரித்தவள் எங்கள் வீட்டில் யாரை விட்டு வைப்பாள் என்று. அதெல்லாம் தோடாவுக்கு மரத்துப்போயிருந்தது. மரத்துப்போகாதது ஒன்றுதான்: அப்பா வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, வாசல்படிக்கு வெளியே நின்று, அம்மாவிடம் பாலாடைக்கட்டி எப்படி, கம்பளி எப்படி என்று பேசிவிட்டுத் திரும்பிப் போவது. அவர் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் தோடா தன் வாயைத் தானே கிள்ளிக்கொள்வாள்.

கிழ மேற்றிராணியார் போய்ச் சேர்ந்து இப்போது புதியவர் வந்திருக்கிறார், கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த ஆள், படித்தவர். அவர் ஏட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தது. தவறி நடந்திருந்தால் மட்டுமே பிரிவு செல்லும். புருஷனை விட்டு விலகுவதற்காகவே ஒருத்தி வேண்டுமென்று செய்திருந்தால் செல்லாது, அவள் கடைசிவரை மனைவிதான். மனைவியானால் கீழ்ப் பள்ளத்தாக்கில் அரசர்களின் மடத்தில், மாமியாருக்குப் பக்கத்தில் கல்லறை. இல்லையென்றால் அவள் விருப்பப்பட்ட இடம். இதை விசாரித்து முடிவு செய்யத்தான் ஹிமேனோ சாமியாரும் வண்டியும் வந்தார்கள்.

வீட்டுச் சாமியார் அஸ்னாரை அழைத்து, அரசரை எதிர்கொண்டு அழைத்து வரும்படி அரசி அனுப்பினாள். மரியாதைக்கு ஒருவராவது போக வேண்டாமா என்றாள். பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனமும் சாகும் முன் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலும் காலையிலேயே ஆகியிருந்ததால் அவர் கவலையில்லாமல் கழுதையில் ஏறிப் போனார். பிறகு ஓரியாவை வெளியே போகச் சொன்னாள். தோடாவிடம், "கதவைச் சாத்து" என்றாள்.

தோடா சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணைத் தவிர."

"திருப்பிக் கூப்பிடவா?"

"வேண்டாம். அவர்கிட்ட சொன்னா, போய் அரசர்கிட்ட சொல்லு, அப்புறம்தான் மன்னிப்புன்னுவார். சாமியார் கிடைக்காத இடத்துல யார்கிட்ட வேணாலும் சொல்லலாம். தெரியுமில்ல?"

"கிடைக்காத இடமா? இப்பதானேம்மா நீங்களே அனுப்பினீங்க."

"அதான், அனுப்பிட்டேனே" என்றாள் அரசி.

அவளுக்கு மூச்சு சீராகச் சற்று நேரமாயிற்று. தோடா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்குக் கோயில்ல நீ அழுதியே. நான்தான் உன்னை அழ வெச்சேன்."

தோடாவுக்கு முதலில் புரியவில்லை.

"காலையில உனக்குத் தலை சீவும்போது சொன்னேன். நெத்தியில எண்ணெய் வெச்சதும் சாஞ்சா அத்தை உன்னைக் குதிரையில தூக்கிப் போட்டுக்கிட்டு அவங்க ஊருக்குப் போயிடுவாங்க, அப்புறம் அம்மாவைப் பாக்கவே முடியாதுன்னு. ரெண்டு மூணு தடவை சொன்னேன். அப்பதான் பதியும்னு."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"ஆறு வயசு. எப்படி இருக்கும்?"

பிறகு அரசி காரணத்தைச் சொன்னாள், நீட்டி முழக்காமல், விட்டு விட்டு. எட்டுப் பேறு. அதில் நின்றது தோடாவும் ஃபோர்த்தூனும் மட்டும். நாலு பிள்ளைகள் மூச்சே விடவில்லை. இரண்டு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போயின. கடைசிப் பேற்றில் மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாளாம், இன்னொன்று என்றால் தொட்டிலுக்குச் சொல்லும்போது பெட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்று.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். அழுதார். ஒரு மாசம் பக்கத்துல வரல. அப்புறம் வந்தார். உங்கப்பா நல்லவர்டி. கெட்டவனா இருந்தா சண்டை போட்டுட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். நல்லவர்கிட்ட எப்படி வேண்டாம்னு சொல்லிட்டே இருக்க முடியும்? எனக்கும் அவரைப் பிடிக்கும், அதான் கஷ்டம்."

ஜன்னல் கதவு காற்றில் அடித்தது. தோடா போய்க் கொக்கியை மாட்டினாள். மாட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

"பதிமூணு வருஷம்" என்றாள் சுவரைப் பார்த்து. "ஊரே என்னைச் சொல்லிச்சு. அப்பா ஒவ்வொரு தடவை திரும்பிப் போகும்போதும் நான் போய்த் தொழுவத்துல உக்காந்து அழுவேன். நீங்க என்னைப் பாத்தீங்க. ஒரு தடவை, எனக்கு மட்டும், காதுல சொல்லியிருக்கலாம்."

"சின்னப் பிள்ளைகிட்ட சொன்னா நிக்குமா?"

"நான் இப்ப சின்னப் பிள்ளையா?"

அரசி போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை மன்னிக்கச் சொல்லல" என்றாள். "அவங்க உன்னைத்தான் கேப்பாங்க. உண்மையைச் சொல்லிடு. உன் பேரு சுத்தமாகும். என்னை எங்க வெச்சா என்ன, நான் பாக்கவா போறேன்."

அதைச் சொல்லும்போது அவள் கண் ஜன்னலுக்கு வெளியே, சிறு கோயிலின் கூரை விளிம்பை, இறவாணத்தைப் பார்த்தது. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைகளைக் கல்லறை மண் ஏற்காது. கூரைத் தண்ணீர் சொட்டும் வரிசையில், கோயில் சுவரை ஒட்டிப் புதைப்பார்கள். கோயிலின் கூரையில் விழும் மழையாவது அதுகள் மேல் விழட்டும் என்று. அரசிகள் பேறுகாலத்துக்கு இந்த ஊற்றடி வீட்டுக்குத்தான் வருவது வழக்கம். அதனால் அந்த நாலும் அங்கேதான் இருந்தன. மற்ற இரண்டும் நாலடி தள்ளிக் கோயிலுக்குள்.

தோடா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

முற்றத்தில் சாறு பிழியக் குவித்திருந்த ஆப்பிள்கள் வெயிலில் புளித்து நாறின. தோடா ஒன்றை எடுத்து, அழுகல் பார்த்து, எறிந்தாள். இன்னொன்றை எடுத்து, அது நல்லதாக இருந்தும் எறிந்தாள். வேலியோரம் போனாள், திரும்பி வந்தாள், தொழுவத்துக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அம்மாவை அடிக்க வேண்டும் போலிருந்தது. நீர் கோத்த, புரட்டிப் படுக்க வைக்க மூன்று பேர் வேண்டியிருந்த அந்த உடம்பைப் பிடித்து உலுக்கி, என் பதின்மூன்று வருஷத்தைக் கொடு என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் ஓடியது, அதுதான் அவளை இன்னும் நிலைகொள்ளாமல் அடித்தது. நான் இல்லை. நான் பிரிக்கவில்லை. அப்பா இதோ வருகிறார், மலையே கேட்கும்படி சொல்லிவிடலாம். தேவாலயத்தில் மணி அடித்துச் சொல்லச் சொல்லலாம். அந்த இரண்டாவது இடத்துப் பையனின் தாய் காதில் விழ வேண்டும்.

எவ்வளவு நேரம் சுற்றினாள் என்று அவளுக்குத் தெரியாது. கூரைமேல் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். குதிரைக்காரன் ஏறி நின்று கல் ஓடு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு ஓட்டை எடுத்துவிடுவார்கள், போகிற வழி தெரியட்டும் என்று.

தோடா ஓடினாள்.

ஓட்டை எடுத்த இடத்திலிருந்து ஒரு சதுரம் வெயில் போர்வையின்மேல் விழுந்திருந்தது. ஓரியா அரசியின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் தோடா.

"இல்ல கண்ணு. கூப்பிடல" என்றாள் ஓரியா. பொய் சொல்லத் தெரியாதவள், அதோடு நிறுத்தியிருக்கலாம். "கதவைத்தான் பாத்துட்டே இருந்தாங்க."

அரசர் வந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. பாதையிலேயே கேட்டிருப்பார். குதிரையிலிருந்து இறங்கி நேராக நடந்து வந்தவர், அறை வாசற்படிக்கு வந்ததும் பழக்கப்படி வெளியே நின்றுவிட்டார். நெடிய ஆள், நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்தே நின்றார். உள்ளே கட்டில் தெரிந்தது. அவர் திரும்பி ஹிமேனோ சாமியாரைப் பார்த்தார்.

"இப்ப உள்ள போலாமா?" என்று கேட்டார்.

ஹிமேனோ சாமியார் இளைஞர். எல்லாக் கேள்விக்கும் ஏட்டைப் புரட்டுகிறவர், இப்போது அதை அக்குளில் இடுக்கிக்கொண்டார். தலையை மட்டும் அசைத்தார். அரசர் உள்ளே போய்க் கட்டிலுக்கு எட்டடி தள்ளி நின்று பார்த்தார். தொடவில்லை. வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்களா என்று யாரையோ கேட்டார்.

குளிப்பாட்டுவதற்குச் சாஞ்சா அத்தையும் வந்தாள். தோடா வழக்கம்போல அவளிடமிருந்து ஓரடி விலகி நின்றாள். அத்தை என்றாலே அவளுக்கு ஒரு பயம்; ஏன் என்று இந்த வயதுவரை யோசித்ததில்லை. இப்போது தெரிந்தது. தடித்த விரல்களும், மூக்கில் ஒரு மருவும், பிள்ளையில்லாத வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளையின் வியர்வை நாற்றமும். அவ்வளவுதான் அத்தை. அவள் அரசியின் கணுக்காலை எவ்வளவு பதமாகத் துடைத்தாள் என்று தோடா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி முறைக்கிற?" என்றாள் அத்தை, துணியைப் பிழிந்துகொண்டே. "இப்பவும் கத்தப் போறியா?"

"இல்ல அத்தை."

"எண்ணெய் வெச்ச நெத்தியில கட்ட வெள்ளைத் துணி நானே ஓரம் அடிச்சு எடுத்துட்டு வந்தேன். ஒரு மாசம் தெச்சேன். கட்டக் குடுத்து வெக்கல. பேயைப் பாத்த மாதிரி கத்தின. கோட்டைக்குப் போய்க் கண்ணாடியில மூஞ்சியப் பாத்துக்கிட்டேன், தெரியுமா? அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு."

தோடாவின் நாக்கு நுனிவரை வந்தது. உங்க மூஞ்சியில ஒண்ணும் இல்ல அத்தை, இதோ படுத்திருக்காங்களே, இவங்க பண்ணின வேலை. சொன்னால் அத்தைக்காவது இன்று நிம்மதி. அவள் அத்தையின் கையிலிருந்து ஈரத் துணியை வாங்கிக்கொண்டு, நான் துடைக்கிறேன், நீங்கள் உட்காருங்கள் என்றாள். அத்தை சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

விசாரணை கோயிலில். அதற்கு முன் அரசர் மகளைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். அவள் வளர்ந்துவிட்டாள் என்றார், இளைத்துவிட்டாள் என்றார். காற்று அவருடைய நரைத்த தாடியைக் கலைத்தது.

"உங்கம்மா எந்தக் காரியத்துலயும் கவனம் தப்பினவ இல்ல" என்றார் கடைசியில். "உப்புப் பானையில எத்தனை கட்டி இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா. அவ எப்படி அன்னைக்கு மறந்தா? பதிமூணு வருஷமா இதையேதான் யோசிக்கிறேன்."

தோடா கிணற்றுக் கயிற்றைப் பார்த்தாள்.

"அவ தவறிப் போய்ச் சொன்னாளா, இல்ல என்கிட்டேருந்து தப்பிக்கச் சொன்னாளா? தப்பிக்கச் சொல்லியிருந்தா அவளை நான் கூட்டிட்டுப் போலாம், என் பக்கத்துல வெச்சுக்கலாம். அதைத்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க, நான் அதுக்காக வந்திருக்கேன்னு. வண்டியைக் கட்டினவன் உங்கண்ணன்." அவர் நிறுத்தினார். "எனக்கு அது வேண்டாம் தோடா. அவ தப்பிச்சுப் போனான்னு தெரிஞ்சுக்கிட்டு அவ பக்கத்துல எப்படிப் படுக்கிறது?"

தோடா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தனக்குத்தான் பதின்மூன்று வருஷம் போயிற்று என்று நினைத்திருந்தாள். இந்த மனிதர் மனசுக்குள் தினமும் அந்த வெளிப்படியில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அம்மா சொன்னதை இவரிடம் சொல்லலாம். அழுதார், நல்லவர், பிடிக்கும், எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லலாம். ஆனால் அவர் காதில் நிற்கப்போவது அவள் தப்பித்தாள் என்ற ஒன்றுதான். மீதியெல்லாம் ஆறுதலுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்வார்.

கோயிலுக்குள் ஃபோர்த்தூன் தூணில் சாய்ந்து நின்றான், அவசரக்காரன், இருட்டுவதற்குள் வண்டி பாலத்தைத் தாண்ட வேண்டும் அவனுக்கு. அத்தை பெஞ்சில். அஸ்னார் சாமியார் மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹிமேனோ சாமியார் சுவிசேஷப் புத்தகத்தைப் பீடத்தில் வைத்து, தோடாவின் வலது கையை அதன்மேல் வைக்கச் சொன்னார். அட்டையின் வெள்ளிப் பூண் சில்லென்றிருந்தது. இதில் கை வைத்துப் பொய் சொன்னவர்கள் கை எப்படிச் சாகும், ஆத்துமா எங்கே போகும் என்பதை அவர் விவரமாகச் சொன்னார். ஆறு வயதிலிருந்தே அவளுக்கு அது மனப்பாடம்.

அன்று அழுதது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள்.

ஏன் அழுதாய் என்று கேட்டார்.

"அத்தையைப் பாத்து இல்ல. கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டேன். அம்மாவை விட மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டேன். பாவாடை கிழிஞ்சுது. அம்மாவுக்கு வேற வழியில்ல."

பெஞ்சில் அத்தை அசைந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அரசியம்மா இதைப் பத்தி, எப்பவாவது, முக்கியமா இன்னைக்கு, உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

அவளுக்கு முன்னால் ஹிமேனோ சாமியார், அவருக்குப் பின்னால் அப்பா. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், இரண்டு கைகளையும் முன்னால் கோத்தபடி. தோடாவின் உள்ளங்கை வியர்த்து வெள்ளிப் பூணில் வழுக்கியது. அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா. நான் அழுததாலதான் ஆச்சு. வேற ஒண்ணும் இல்ல."

ஃபோர்த்தூன் பெருமூச்சு விட்டான். இதைத்தானே ஊரே சொல்கிறது, இதற்கு ஒரு விசாரணையா என்று அந்தப் பெருமூச்சுக்குப் பொருள். ஹிமேனோ சாமியார் புத்தகத்தை மூடினார். பழைய தீர்ப்பு நிற்கும், அரசி ஞானத்தாயாகவே இறந்தாள், உடல் இங்கேயே இருக்கலாம் என்றார். அரசர் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கோத்திருந்த கைகளைப் பிரித்து, எதற்கென்று தெரியாததுபோல ஒரு முறை பார்த்துக்கொண்டார். தோடா சத்தியம் செய்த கையை அங்கியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாய்வதற்குள் அடக்கம் என்று முடிவாயிற்று. தோடா காட்டிய இடத்தில், சொட்டு வரிசைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். அரசியை அங்கே வைக்கலாமா என்று அஸ்னார் சாமியார் கேட்டதற்கு, அவர் ஒரு வாளித் தண்ணீரை மந்திரித்துத் தெளித்தால் எந்த மண்ணும் நல்ல மண்தான் என்று ஓரியா சொன்னாள். வைக்கோல் வண்டியை மாடு அவிழ்த்து ஓரமாகத் தள்ளினார்கள். வீட்டு வாசலிலிருந்து கோயில் சுவர்வரை நூற்றைம்பது எட்டு, சரிவான பாதை, நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும்.

தலைமாட்டில் புருஷனும் மூத்த மகனும். கால்மாட்டில் பிறந்த வீட்டார், அண்ணன் தம்பிகள். அந்த மலையில் அதுதான் வழக்கம். அரசியின் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, கணவாய்க்கு அப்பால் ஐந்து நாள் பயணம். குதிரைக்காரர்கள் இருவர் கால்மாட்டில் போய் நின்றார்கள். ஃபோர்த்தூன் தலைமாட்டில் ஒரு பக்கம் தோளைக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தைக் காலியாக விட்டுத் தகப்பனைப் பார்த்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிரித்து வைத்தாலும் புருஷன் புருஷன்தானே, இன்று ஒரு நாள் நின்றால் யார் கேட்கப் போகிறார்கள் என்று ஹிமேனோ சாமியாரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரசர் தலைமாட்டுக்கு வந்தார். மூடிய துணியை ஒரு கணம் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு நடந்து கால்மாட்டுக்குப் போய், குதிரைக்காரன் ஒருவனைத் தோளைத் தொட்டுத் தலைமாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் நின்ற இடத்தில், அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில், தான் நின்றார்.

தலைமாடு முன்னால் போகத் தூக்கினார்கள். அவர் மற்றவர்களைவிட ஒரு சாண் உயரம். சரிவில் இறங்கும்போது பின்பக்கம் தூக்கி, உடல் முன்னால் வழுக்கப் பார்த்தது. இரண்டு எட்டில் அவர் நின்றார். முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தன் தோளை மகனின் தோள் மட்டத்துக்கு இறக்கினார். அப்படியே, பாதி மடங்கிய கால்களோடு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, நூற்றைம்பது எட்டும் நடந்தார். தோடா அவருக்குப் பின்னால் நடந்தாள்.